யூதாவின் மறுமொழி: பிகினித் தீவு ஆவணப்படங்கள் குறித்து

ஓர் இறையியல் ஏட்டில் திரைப்படத் திறனாய்வுக்கு இடமுண்டா என வினவும் நண்பர்கள் நமக்குண்டு. நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட படங்களின் பின்னணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. ஆராதனை முடித்து வெளிவந்த ஒரு சிறு சபை இருக்கிறது. யாத்திராகமத்தை எடுத்துக்காட்டிப் பேசும் ஒரு கடற்படை அதிகாரி இருக்கிறார். தேவனுடைய பெயரைச் சொல்லி அவருக்கு மறுமொழி கூறும் ஓர் ஊர்த்தலைவர் இருக்கிறார். இவற்றோடு ஒரு படக்கருவியும் இருக்கிறது. பிரசங்கிப்பதையும் துயருற்றோருக்கு ஆறுதல் சொல்வதையும் பணியாகக் கொண்ட நமக்கு இதனினும் நெருங்கிய பொருள் அரிது.

பிகினி என்னும் சொல் இன்று எதை நினைவூட்டுகிறது என்பதை எழுத வேண்டியதில்லை. 1946 ஜூலை 1ஆம் நாள் அத்தீவின் நீர்ப்பரப்பின்மேல் அணுகுண்டு வெடித்தது. நான்கு நாள் கழித்துப் பாரிஸ் நகரில் ஒருவர் தாம் வெளியிட்ட புதிய நீச்சலுடைக்கு அப்பெயரைச் சூட்டினார். ஓர் ஊரின் பெயர் உலகெங்கும் பரவ, ஊரும் ஊராரும் அப்பெயருக்குள் மறைந்துபோயினர். வகுப்பில் இப்படத்தைத் திரையிடப்போவதாக அறிவித்தபோது பின்வரிசையில் சிரிப்பெழுந்தது. நாம் அதைக் கண்டிக்கவில்லை. படம் தொடங்கிய சில நிமிடங்களில் அது தானே அடங்கிற்று.

பிகினி, பசிபிக் பெருங்கடலில் மார்ஷல் தீவுகளின் வடபகுதியிலுள்ள ஒரு பவளத் தீவுவளையம். வளையத்தின் நடுவே அலையடங்கிய காயல். விளிம்பில் தென்னையும் தாழையும் வளரும் சிறு சிறு தீவுகள். பாஸ்டன் நகரத்து மிஷன் சங்கத்தார் 1857இல் தென்பகுதியிலுள்ள எபோன் தீவில் வந்திறங்கினர். அங்கிருந்து சுவிசேஷத்தை மற்றத் தீவுகளுக்குப் பெரும்பாலும் தீவாராகிய உபதேசியாரே கொண்டு சென்றனர். ஆகவே 1946இல் அமெரிக்கக் கடற்படையினர் சந்தித்த பிகினி மக்கள் பாடல் பாடவும் வேதம் வாசிக்கவும் ஓய்வுநாளை ஆசரிக்கவும் அறிந்த ஒரு சீர்திருத்தத் திருச்சபையார். இதனை நாம் முன்னதாகவே வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. அது பின்னர் விளங்கும்.

அவ்வாண்டு பிப்ரவரி மாதத்து ஞாயிறு ஒன்றில், ஆராதனைக்குப் பின், மார்ஷல் தீவுகளின் படை ஆளுநராயிருந்த பென் வையட் என்பவர் மக்களைக் கூட்டிப் பேசினார். மனிதகுலத்தின் நன்மைக்காகவும், உலகப்போர்கள் யாவற்றையும் முடிவுக்குக் கொண்டுவருவதற்காகவும் தீவைத் தற்காலிகமாக விட்டுத்தர மனமுண்டா என்று கேட்டார். கர்த்தர் பகைவரிடமிருந்து மீட்டு வாக்குத்தத்த நாட்டுக்கு நடத்திச் சென்ற இஸ்ரவேல் மக்களோடு அவர்களை ஒப்பிட்டுப் பேசியதாக அவரே விவரம் தந்திருக்கிறார். ஊரார் கலங்கினர், கூடி ஆலோசித்தனர். பின்பு தலைவர் யூதா மறுமொழி கூறினார். எல்லாம் தேவனுடைய கரத்தில் இருக்கிறது என்று நம்பி நாங்கள் போகிறோம் என்பதே அம்மறுமொழி. மார்ச் 7ஆம் நாள் 167 பேர் கப்பலேறினர்.

வையட் வந்து கேட்டது பிப்ரவரியில்; பிகினியே சோதனைக்களம் என்னும் முடிவு வாஷிங்டனில் ஜனவரியிலேயே எடுக்கப்பட்டு அறிவிக்கப்பட்டாயிற்று. அங்கே கேட்கப்பட்டது அனுமதியன்று. அனுமதி கேட்கும் சடங்கு ஒன்று நடந்தது, அவ்வளவே.

அச்சடங்கு ஒருமுறை நடந்ததோடு நிற்கவில்லை என்பதை ராபர்ட் ஸ்டோன் உருவாக்கி 1988இல் வெளிவந்த 'ரேடியோ பிகினி' நம் கண்முன் நிறுத்துகிறது. பிகினிச் சோதனைகளைப் படம்பிடிக்க 18 டன் எடையுள்ள கருவிகள் கொண்டுவரப்பட்டதாக அத்தீவின் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். அக்கருவிகளின் முன் ஞாயிற்றுக்கிழமைக் காட்சி மீண்டும் நடிக்கப்பட்டது. தென்னை நிழலில் மக்கள் மணலில் அமர்ந்திருக்கின்றனர். வையட் எதிரே அமர்ந்து மொழிபெயர்ப்பாளர் வாயிலாகக் கேட்கிறார். யூதா எழுந்து சொல்கிறார். எண் எழுதிய பலகை கருவியின் முன் காட்டப்படுகிறது. திரைப்படத் தொழிலாளர் 'டேக்' என்பார்களே, அவ்வாறு ஒன்று, பின் இன்னொன்று, பின் மற்றொன்று. செய்திப்படத்திற்காக வெட்டி ஒதுக்கப்பட்ட துண்டுகளை ஸ்டோன் தேடியெடுத்து வெட்டாமல் ஒட்டியிருக்கிறார். திரையரங்குகளில் அன்று காட்டப்பட்டது ஒரே ஒரு இணக்கமான வாக்கியம். இங்கே நாம் காண்பது அவ்வாக்கியம் எத்தனை முறை கேட்டுப் பெறப்பட்டது என்பதை.

படம் முழுவதிலும் வர்ணனைக் குரல் கிடையாது. அன்றைய வானொலி ஒலிபரப்பும் கடற்படையின் படச்சுருள்களும் இரு சாட்சிகளின் பேச்சும் மட்டுமே. ஆவணப்படங்களில் நாம் கேட்டுச் சலித்த, எல்லாமறிந்த குரல் இல்லாதது பெரும் ஆறுதல். பார்ப்போன் தானே எடைபோட வேண்டியவனாகிறான்.

இப்போது யூதாவின் மறுமொழிக்கு வருவோம். ஒவ்வொரு முறையும் அவர் சொல்வது அதே வாக்கியம்: மென் ஓதெம்ஜெய் ரெஜ் இலோ பெயின் அனிஜ். எல்லாம் தேவனுடைய கரத்தில் இருக்கிறது. வையட் அதற்குமேல் எதையோ எதிர்பார்ப்பவர்போல் தோன்றுகிறது; கிடைக்கவில்லை. முடிவில், எல்லாம் தேவனுடைய கரத்தில் இருப்பதால் அது நன்மையன்றி வேறாக இருக்க முடியாது என்று தாமே அதற்கு உரை சேர்த்து முடிக்கிறார். அருளுரை ஆற்றுவோர் இந்த இடத்தை ஒன்றுக்கு இருமுறை பார்த்தல் நலம். சங்கீதக்காரன் தன் காலங்களைக் கர்த்தருடைய கரத்தில் வைப்பது பகைவரிடமிருந்து தப்புவிக்கும்படி வேண்டும் 31ஆம் சங்கீதத்தின் நடுவிலே. அது நெருக்கத்தின் மொழி. அதையே அதிகாரத்தில் இருப்பவர் கையிலெடுத்து, ஆகவே என் கரம் செய்வதும் நன்றே என்று முடிவு கட்டுவாரானால், விசுவாச அறிக்கை ஓர் ஒப்பந்தப் பத்திரமாக மாறிவிடுகிறது.

மேலைநாட்டார் பலர் யூதாவின் சொல்லைக் கள்ளமற்ற பழங்குடியின் வெகுளித்தனமாகவே கொள்வர். படமும் அதையொட்டி ஒரு கசப்பான முரண்நகையாகவே அதை விட்டுவிடுகிறது. நாம் அவ்வாறு கொள்வதற்கில்லை. படையும் கப்பல்களும் கடலை நிறைத்து வந்தபின், முடிவும் முன்பே ஆனபின், மறுக்க வழியற்ற ஒரு தலைவருக்கு எஞ்சியிருந்த உரிமை என்ன? தீவு யாருடைய கரத்தில் இருக்கிறது என்று அறிக்கையிடும் உரிமை. உங்கள் கரத்தில் தருகிறோம் என்று அவர் எந்த டேக்கிலும் சொல்லவில்லை. நம் விளக்கம் யூதாவின் உள்ளத்தை அறிந்ததாகப் பேசுகிறது என்று எவரேனும் குறைகூறின், அக்குறையை ஏற்கிறோம். ஆயினும் வெகுளி என்று முடிவு கட்டுவோரும் அதே குறைக்கு உட்பட்டவரே.

வையட் எடுத்த வேதபகுதியைப் பற்றியும் ஒரு சொல். யாத்திராகமத்தில் முதலில் எழுவது மக்களின் கூக்குரல். கர்த்தர் அதைக் கேட்டபின்பே மோசே அனுப்பப்படுகிறான். பிகினியில் எவரும் கூக்குரலிடவில்லை. அவர்கள் தங்கள் ஊரிலேயே இருந்தார்கள். பார்வோனின் அலுவலரே மோசேயின் வேடம் பூண்டு வந்தது அங்கேதான். அந்த ஞாயிற்றுக்குரிய பகுதி எதுவென்று நம்மைக் கேட்டால் இராஜாக்களின் முதலாம் புத்தகம் 21ஆம் அதிகாரம் என்போம். ஆகாபும் முதலில் நயமாகவே கேட்கிறான். இதைவிட நல்ல தோட்டம் தருவதாகச் சொல்கிறான். நாபோத்தின் நிலம் பறிபோன வழியில் உபவாசம் ஒன்று கூறப்பட்டதையும், சபை கூட்டப்பட்டதையும் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். பறிப்புக்கு முன்னே ஓர் ஆராதனைக் கோலம் வேண்டியிருந்தது. நாபோத் மறுத்தான், யூதா மறுக்கவில்லை என்னும் வேற்றுமையை நாம் அறிவோம். ஆனால் கேட்கும் முறை இரண்டிலும் ஒன்றே.

'ரேடியோ பிகினி'யில் நமக்குள்ள குறை வேறொன்று. அதன் இரு சாட்சிகளில் ஒருவர் பிகினித் தலைவர் கிலோன் பௌனோ. மற்றவர் ஜான் ஸ்மிதர்மன் என்னும் அமெரிக்கக் கடற்படை வீரர். சோதனையின்போது அங்கே பணிபுரிந்தவர். படம் முழுதும் ஸ்மிதர்மனின் முகமே காட்டப்படுகிறது. இறுதியில்தான் கருவி விலகி, துண்டிக்கப்பட்ட கால்களையும் அளவுக்கு மீறி வீங்கிய கையையும் காட்டுகிறது. அரங்கில் மூச்சடங்கிப் போகிறது. 1983இல் மரித்த அந்த வீரருக்கு நேர்ந்தது பெருந்துயர் என்பதில் ஐயமில்லை. அவரும் சொந்த அரசினால் ஏமாற்றப்பட்டவரே. ஆயினும் படத்தின் உச்சம் அவர் உடலில் அமைந்துவிட்டதால் கிலோன் பௌனோவின் இழப்பு இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்படுகிறது. காரணம் எளிது. ஊரை இழந்தவனின் காயத்தைப் படமெடுக்க முடியாது. அவர் நாற்காலியில் நலமாக அமர்ந்திருக்கிறார், அமைதியாகப் பேசுகிறார், அவ்வளவுதான். காயத்தைக் காட்டினால்தான் கேட்போம் என்னும் நம் வழக்கத்துக்குப் படம் இவ்விடத்தில் பணிந்துவிட்டது. தோமாவின் வழக்கமும் அதுவே என்று நம் மாணவர் ஒருவர் சொன்னார்.

காட்ட முடியாத அந்த இழப்பைப் படத்துக்கு வெளியே சென்றுதான் அறியவேண்டும். பிகினி மக்கள் முதலில் குடியேற்றப்பட்ட ரோங்கெரிக் தீவுவளையத்தில் உணவு போதவில்லை. இரண்டாண்டுகளில் பட்டினியின் விளிம்பைத் தொட்டனர். 1948இல் குவாஜலீனில் கூடாரங்களில் சில மாதம் தங்கவைக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் கிலி என்னும் ஒற்றைத் தீவில் இறக்கப்பட்டனர். கிலிக்குக் காயல் கிடையாது. காயலில் படகோட்டி மீன்பிடித்து வாழ்ந்த மக்களுக்கு அலை மோதும் கரை மட்டுமே கிடைத்தது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் படகு இறக்கவே இயலாது. 1968இல் திரும்பிச் செல்லலாம் என்று குடியரசுத்தலைவர் ஜான்சன் அறிவித்தார். சில குடும்பங்கள் சென்றன. உடலில் கதிரியக்கச் சீசியம் ஏறியிருப்பது கண்டு 1978இல் மறுபடியும் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். 1946 முதல் 1958 வரை பிகினியில் மட்டும் 23 சோதனைகள். மார்ஷல் தீவுகளில் மொத்தம் 67. தற்காலிகம் என்று வையட் சொன்ன சொல்லுக்கு வயது எண்பதை எட்டிவிட்டது.

டென்னிஸ் ஓரோர்க் என்னும் ஆஸ்திரேலியர் 1985இல் முடித்த 'ஹாஃப் லைஃப்' ரோங்கெலாப் மக்களைப் பற்றியது. 1954 மார்ச் 1ஆம் நாள் பிகினியில் வெடித்த பிராவோ என்னும் குண்டு ஹிரோஷிமாவில் போட்டதைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வலிமையுடையது. சில மணி நேரத்தில் கிழக்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரோங்கெலாப்பில் வெண்ணிறத் தூள் மழைபோல் விழுந்தது. குழந்தைகள் அதில் விளையாடினர். 1946இல் இதைவிட மிகச் சிறிய குண்டுகளுக்கே அம்மக்கள் முன்னதாகக் கப்பலேற்றி அப்புறப்படுத்தப்பட்டனர், 1954இல் அப்புறப்படுத்தப்படவில்லை. ரோங்கெரிக்கில் வானிலை பார்த்துவந்த அமெரிக்கப் படையினர் முதலில் மீட்கப்பட்டனர். ரோங்கெலாப்பாரை அழைத்துச்செல்லக் கப்பல் வந்தபோது ஏறத்தாழ இரண்டு நாள் கழிந்துவிட்டது.

இம்மக்கள் வேண்டுமென்றே தூளுக்கு உட்படுத்தப்பட்டனர், மனித உடலில் கதிர்வீச்சின் விளைவை அறிய ஆய்வுப்பொருளாக்கப்பட்டனர் என்பதே ஓரோர்க் சாட்டும் குற்றம். காற்று ரோங்கெலாப் பக்கம் திரும்பியிருந்தது வெடிப்புக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதும், 'திட்டம் 4.1' என்ற பெயரில் அம்மக்கள் ஆராயப்பட்டனர் என்பதும் ஆவணங்களில் உள்ளவை. உள்நோக்கம் பற்றி மட்டும் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் கருத்து யாதெனில், உள்நோக்கத்தை நிறுவ முயன்றதில் படம் தன் வலிமையில் ஒரு பகுதியை வீணாக்கிற்று. நோக்கம் நிறுவப்படாவிடில் குற்றமே இல்லை என்று சொல்ல எதிராளிக்கு அது வழி திறந்துவிடுகிறது. நம் பொது அறிக்கை மன்றாட்டில் செய்தவற்றை மட்டுமா சொல்கிறோம்? செய்யாமல் விட்டவற்றையும் சேர்த்தே சொல்கிறோம். காற்று திரும்பியதை அறிந்தும் கப்பலை அனுப்பாதது போதும்.

இப்படத்தின் துணைத்தலைப்பு 'அணுயுகத்திற்கு ஓர் உவமை'. உவமைகளைப் போதித்தே காலங்கழிக்கும் நாம் இச்சொல்லின்முன் சற்று நிற்கவேண்டும். உவமையில் வரும் மாந்தர் தமக்காக வருவதில்லை. கேட்போரின் மனந்திரும்புதலுக்காக வருகின்றனர். விதைக்கிறவனின் வீட்டைப் பற்றி எவரும் கேட்பதில்லை. ரோங்கெலாப்பாரை உலகுக்கு ஓர் உவமை ஆக்கினால், அவர்கள் மறுபடியும் பிறர் நன்மைக்குப் பயன்படும் பொருளாவர். மனிதகுலத்தின் நன்மைக்கு என்று வையட் கேட்டதும் அதுதானே! நல்லெண்ணமுள்ள கலைஞர் விழும் குழி இது, பிரசங்கியார் விழும் குழியும் இதுவே. ஆயினும் ஓரோர்க்கின் கருவி தலைப்பைவிட நேர்மையானது. தீவார் தங்கள் மொழியில், தங்கள் வேகத்தில், நிறுத்தி நிறுத்திப் பேசும் நீண்ட பகுதிகளில் அவர்கள் எதற்கும் உவமையாக இல்லை. லூக்கா 16ஆம் அதிகாரத்து உவமை ஒன்றில்தான் பாத்திரத்துக்குப் பெயர் வைத்தார் ஆண்டவர். அதுவும் வாசலிலே கிடந்தவனுக்கு.

பெயர் வைப்பதிலும் கேடு உண்டு. ஆடம் ஜோனாஸ் ஹோரோவிட்ஸ் 2011இல் முடித்த 'நியூக்ளியர் சாவேஜ்' தன் தலைப்பை ஒரு பழைய அமெரிக்கச் செய்திப்படத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. ரோங்கெலாப்பார் சிலர் உடலிலுள்ள கதிரியக்கத்தை அளக்க 1950களில் சிகாகோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் ஜான் என்பவரை, அவர் தீவின் மேயரை, வர்ணனையாளர் அறிமுகம் செய்கிறார். இவருக்கு வாசிக்கத் தெரியும், கடவுளைப் பற்றித் தெரியும், நல்ல மேயரும்கூட. ஆயினும் நம் அளவுகோலின்படி காட்டுமிராண்டி, மகிழ்ச்சியும் இணக்கமும் உள்ள காட்டுமிராண்டி என்று குரல் தொடர்கிறது. கடவுளைத் தெரியும் என்பது அங்கே இணக்கத்தின் அறிகுறியாகப் பட்டியலிடப்படுகிறது. நம் மிஷன் வரலாற்று நூல்களில் புது விசுவாசிகளைப் பற்றி எழுதப்பட்ட பல பக்கங்கள் இதே தொனியில் உள்ளன என்பதை இம்மூன்றாம் படம் நமக்கு நினைவூட்டிற்று. மற்றபடி இப்படம் முன்னிரண்டைவிட உரத்துப் பேசுகிறது. அதைப் பற்றி மேலும் விரிக்க வேண்டியதில்லை.

இங்கே நாம் முன்பு சொன்ன காரணத்துக்கு வருகிறோம். மூன்று படங்களிலும் தீவார் கிறிஸ்தவர் என்பது தெரிகிறது. ஆனால் அவர்கள் விசுவாசம் ஒரு பின்னணி அலங்காரமாகவோ, மிஷனரிகள் விட்டுச்சென்ற ஒரு மயக்கமாகவோதான் தெரிகிறது. நாடுகடத்தப்பட்டோர் கிலியில் எவ்வாறு ஜெபித்தனர், எந்த வேதபகுதியை வாசித்தனர், பிள்ளைகளைப் புதைக்கையில் என்ன சொன்னார்கள் என்று எந்த இயக்குநரும் கேட்கவில்லை. மறக்கப்பட்ட குரல்களைத் தேடிச்சென்ற படங்களிலேயே மறக்கப்பட்ட குரல் இது. கேட்டிருந்தால் யூதாவின் வாக்கியத்தை முரண்நகையாக விட்டிருக்க முடியாது.

திருச்சபை கேட்டதா? ஒருமுறை கேட்டது. 1983இல் வான்கூவரில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றத்தின் பேரவையில் டார்லீன் கேஜு என்னும் மார்ஷல் தீவுப் பெண் பேசினார். எலும்பின்றி, கண்ணாடிபோன்ற தோலோடு பிறந்து, சில மணி நேரமே மூச்சுவிட்டு மடிந்த குழந்தைகளை, தீவுப் பெண்கள் வெட்கத்தால் வெளியே சொல்லாமல் புதைத்த குழந்தைகளை, அவர் அவையின்முன் எடுத்துரைத்தார். அதிகாரப்பூர்வமான மருத்துவ அறிக்கைகளில் இடம்பெறாதவற்றை ஒரு பெண் பிற பெண்களிடம் கேட்டறிந்து சொன்னது அது. எந்தக் கருவியும் அக்குழந்தைகளைப் படம்பிடிக்கவில்லை. எவரும் அதை மறுபடி சொல்லச் சொல்லவுமில்லை. டார்லீன் 1996இல் மரித்தார்.

நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபின் நாம் ஒரு கடற்கரைச் சேகரத்தில் நிவாரணப் பணியில் உதவினோம். பொருள் அனுப்பியவர்களுக்குக் காட்டும்பொருட்டு வீடியோ எடுக்கப்பட்டது. ஒரு தாயார் அரிசிப்பையைப் பெற்றுக்கொண்டு நகர்ந்தார். படம் சரியாக விழவில்லை என்றார் எடுத்தவர். பையைத் திரும்ப வாங்கி மறுபடி கொடுத்தோம். அவரும் மறுபடி கைநீட்டினார். அன்று இரு பிள்ளைகளை இழந்திருந்த அவர் நம்மிடம், “எல்லாம் கர்த்தர் சித்தம், ஐயா” என்றார். நாம் அதை விசுவாச சாட்சி என்று தலைப்பிட்டு அறிக்கையில் எழுதினோம். அவர் அதைச் சொன்னபோது நம் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார் என்பது நமக்கு நினைவிருக்கிறது, அதை எழுதவில்லை. அவர் சொன்னது ஏற்பா, குற்றச்சாட்டா, நம்மிடமிருந்து விடுபட ஒரு மரியாதையான வழியா என்று இன்றும் நமக்குத் தெரியாது. பலகை காட்டப்படும் அந்தக் காட்சியை முதன்முறை பார்த்த இரவு அந்த அறிக்கையைத் தேடியெடுத்துப் படித்தோம்.

பிகினி மக்கள் தங்கள் தலைவரின் வாக்கியத்தைக் கைவிடவில்லை. அவர்கள் பின்னர் அமைத்துக்கொண்ட கொடி பார்வைக்கு அமெரிக்கக் கொடி போன்றது. இடப்புறம் 23 வெண்ணிற நட்சத்திரங்கள், அவர்கள் தீவுவளையத்தின் தீவுகளுக்காக. மேல் வலப்புறம் மூன்று கரிய நட்சத்திரங்கள், பிராவோ இல்லாதாக்கிய மூன்று தீவுகளுக்காக. கீழே இரண்டு கரிய நட்சத்திரங்கள், அவர்கள் இன்று வாழும் கிலிக்கும் எஜிட்டுக்குமாக. அடியில் யூதாவின் சொல் முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது. கடனைத் தீர்க்காதவனின் கொடி வடிவத்தையே எடுத்து அதன்மேல் இவ்வாக்கியத்தை எழுதியவர்களை வெகுளிகள் என்று இனி எவர் சொல்லக்கூடும்? இந்தக் கொடியைக் கண்டபின் நாம் படத்தின் முதற்காட்சியை வேறுவிதமாகப் பார்க்கத் தொடங்கினோம்.

மார்ஷல் தீவுக் கவிஞர் கேத்தி ஜெட்னில்-கிஜினர், டான் லின் என்பவருடன் இணைந்து 2018இல் ஒரு சிறு படம் வெளியிட்டார். எனெவெடாக் தீவுவளையத்தின் ருனிட் தீவில், வெடிகுழி ஒன்றினுள் கதிரியக்க மண்ணைக் கொட்டிக் கான்கிரீட்டால் மூடிய ஒரு குவிமாடம் உண்டு. கவிஞர் அதன்மேல் நடந்து, தீவை நோக்கியே பேசுகிறார். படத்தின் பெயருக்குத் தமிழில் 'அபிஷேகிக்கப்பட்டது' எனலாம். வெளியாருக்கு விளக்கம் சொல்ல அவர் எங்கும் நிற்பதில்லை. சில நிமிடங்களே ஓடும் இப்படத்தை மற்ற மூன்றுக்கும் பின்னர்க் காட்டவேண்டும், முன்னரன்று; வையட்டின் திருமறை மொழியைக் கேட்ட செவிக்கே இத்தலைப்பின் சினம் விளங்கும்.

'ரேடியோ பிகினி'யின் முதற்காட்சியை நாம் வகுப்பில் இருமுறை காட்டினோம், இரண்டாம் முறை ஒலியில்லாமல். ஒலி நின்றதும் கண் வையட்டையும் யூதாவையும் விட்டு, மணலில் அமர்ந்திருக்கும் மற்றவர்மேல் சென்றது: குழந்தையை மடியில் வைத்திருப்போர், கருவியைப் பார்ப்போர், பாராதிருப்போர். படம் முடிந்ததும் ஒரு மாணவி, “ஐயா, நிலம் யாருடையது?” என்று கேட்டார். நமக்கு உடனே விடை தெரியவில்லை. மார்ஷல் தீவுகளில் நிலவுரிமை பொதுவாகத் தாய்வழியே இறங்குவது என்பதை அன்று மாலை நூலகத்தில் கண்டு அவருக்குச் சொன்னோம். பலகை எத்தனை முறை காட்டப்பட்டும், அக்காட்சியில் எந்தப் பெண்ணிடமும் எதுவும் கேட்கப்படவில்லை.